ஒருவர் தினம்

பாப்பா என்னை ‘லிஃப்ட்டு’ என்றுதான் கூப்பிடுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் அம்மாவை நான் கல்யாணம் செய்துகொண்டபோது அவளுக்கு மூன்று வயது. குழந்தை என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சித்தப்பா சரிவராது, அங்கிள் நன்றாக இல்லை, மாமா என்றால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அதற்குள் அவளே வந்து என் சட்டைப் பையில் தைத்திருந்த லிஃப்ட் படத்தைத் தொட்டு, “நீ லிஃப்ட்டா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விஷயம் முடிந்தது.

அவளைப் பெற்றவர் அவள் தவழ்வதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். கூடத்தில் அவர் படம் இருக்கிறது. அவருக்கும் எனக்கும் எந்தப் போட்டியும் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் அவர் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் வாயால் ‘அப்பா’ என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அது பசி. தெருவில் எந்தக் குழந்தையாவது “அப்பா!” என்று கத்தினால் என் தலை தானாகத் திரும்பிவிடும். திரும்பிய தலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஏதாவது மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

“வாயைத் திறந்து அவகிட்ட சொல்லிடுங்களேன்” என்பாள் என் மனைவி. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த வலிக்கும் ஒரு மாத்திரை உண்டு என்று நம்புகிறவள்.

“கேட்டு வாங்குற பொருளா அது?”

“ஊர்ல இருக்கிற கதவையெல்லாம் திறந்துவிடுற ஆளு. இந்த ஒரு கதவுகிட்ட மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

நின்றேன். பொறுமை என் தொழிலிலேயே உண்டு. லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் நாங்கள் முதலில் செய்வது கதவை இழுப்பதல்ல. வெளியில் நின்று, “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்படி இருக்கையில், ஒரு நாள் காலை அவளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

“லிஃப்ட்டு, அப்பா தினம் வருதாம். கார்டு செய்யணும்னு மிஸ் சொன்னாங்க.”

“செஞ்சிடலாம்.”

“நீ செய்யக் கூடாது. நான்தான் செய்யணும். உனக்குத்தானே அது.”

நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“உன் பேரு எழுதக் கஷ்டமா இருக்கு. அப்பான்னே எழுதிக்கறேன். பரவாயில்லையா?”

“பரவாயில்ல” என்றேன். என் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருவது போல இருந்தது.

“எழுதிட்டா அப்புறம் கூப்பிடவும் செய்யணும்ல? கார்டு குடுக்கிறப்ப கூப்பிடுறேன். இப்பக் கேக்காத. இப்பவே சொன்னா பழசாயிடும்.”

அன்று அவள் ஷூவில் நான் போட்ட முடிச்சைப் பள்ளியில் யாராலும் அவிழ்க்க முடியவில்லையாம். கத்தரிக்கோலால்தான் வெட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாலர் பள்ளியை எனக்கு உள்ளும் புறமும் தெரியும். அதன் லிஃப்ட்டையும் நான்தான் பார்க்கிறேன். மொத்தமே இரண்டு மாடி. லிஃப்ட்டில் குழந்தைகள் ஏறக் கூடாது, ஆசிரியர்கள் ஏறக் கூடாது. முதல்வர் மேடமும் அவரைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களும் மட்டும் ஏறலாம். லிஃப்ட் கதவில், ‘இங்கே எல்லோரும் சமம்’ என்று வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் எங்களை உட்கார வைத்தார்கள். முழங்கால் மோவாயை இடித்தது. முதல்வர் மேடம் பெரிய நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“அன்பான பெற்றோர்களே!” என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தி, கண்ணை மூடி, மார்பில் கை வைத்துக்கொண்டார். “மன்னிக்க வேண்டும். பெற்றோர் என்ற சொல் பெறாதவர்களைப் புண்படுத்தும். அன்பான வந்தவர்களே! சென்ற ஆண்டு அம்மா தின விழாவில் ஒரு குழந்தை அழுதது. விழா நிறுத்தப்பட்டது. விசாரணை நடந்தது. குழந்தையின் ஷூவுக்குள் ஒரு கல் இருந்தது தெரியவந்தது. கல்லை எடுத்தோம், அழுகை நின்றது. ஆனால் நான் உங்களைக் கேட்கிறேன். கல் இல்லாமல் இருந்திருந்தால்? அந்த அழுகைக்கு வேறொரு காரணம் இருந்திருந்தால்? அன்றிரவு நான் தூங்கவில்லை. இந்தப் பள்ளியில் எந்தக் குழந்தையும் தவிக்காது. தவிப்பதற்கு நாங்கள் அனுமதி கொடுப்பதில்லை.”

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். நல்ல விஷயம்தானே என்றுதான் அப்போது நினைத்தேன். அப்பா இல்லாத பிள்ளைக்கு மற்ற பிள்ளைகள் நடுவில் எப்படி இருக்கும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியாததா?

அடுத்து ஒருவரை அறிமுகம் செய்தார்கள். உணர்வுப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராம். மெல்லிய குரல், மெல்லிய நடை. எதையும் ‘இதமா’ செய்யச் சொல்வார். இதமா உக்காருங்க, இதமா மூச்சு விடுங்க. குழந்தைகள் அவருக்கு ‘இதம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வகுப்பறைக்குள் வந்தால் குழந்தைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டு மூச்சு விடத் தொடங்குவார்கள்.

“புண்படுறதுங்கறது மூக்கடைப்பு மாதிரி இல்லைங்க” என்றார் இதம் சார். “மூக்கடைப்பு வந்தவருக்கு மூக்கடைப்புன்னு தெரியும். புண்பட்டவருக்குத் தெரியாது. நாங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

பிறகு அட்டை பற்றிய ஆலோசனை தொடங்கியது. வழக்கமாகச் செய்வது சட்டையும் டையும் போட்ட காகித அட்டை. எல்லா அப்பாவும் டை கட்டுவதில்லை என்று டையை எடுத்தார்கள். காலர் இருந்தால் உத்தியோகம் பார்ப்பவர் போலத் தெரிகிறது என்று காலரை எடுத்தார்கள். பொத்தான் போனது. பை போனது. கடைசியில் அது சட்டையா தலையணை உறையா என்று தெரியவில்லை.

“கை அச்சு வச்சுக்கலாமே” என்றார் ஒரு தாய். “பிள்ளையோட கை, பக்கத்துல பெரியவர் கை. சாயத்துல தோய்ச்சு.”

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டும்போது இதம் சார் கண்ணை மூடினார். “நம்ம நடுவுல ஒரு தாத்தா இருக்கார். அவருக்கு ஒரு விரல் கிடையாது.”

எல்லோரும் திரும்பி அந்தத் தாத்தாவைப் பார்த்தோம். பேரனை வளர்ப்பவர். மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். அவர் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நாலு விரலு போதும். என் பேரன் அதைத்தான் எல்லாருக்கும் பெருமையாக் காட்டுவான்.”

இதம் சார் அவர் தோளைத் தொட்டார். “இல்லன்னுதான் சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதுதான் காயத்தோட அடையாளம்.”

தாத்தா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை அவர் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.

அதன் பிறகு யாரும் யோசனை சொல்லவில்லை. அவர்களே முடிவெடுத்தார்கள். கத்தரிக்கோல் வேண்டாம், வெட்டுவது பிரிவை நினைவூட்டும். பசை வேண்டாம், ஒட்டாமல் போன குடும்பங்கள் இருக்கின்றன. நிறம் வேண்டாம், ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்ற நிறங்கள் விடுபடுகின்றன. மிஞ்சியது ஒரு வெள்ளைக் காகித வட்டம். அதுவும் கடையிலேயே வெட்டி வரும்.

“வட்டத்துக்கு மூலை கிடையாது” என்று முதல்வர் மேடம் விளக்கினார். “ஆகவே யாரும் மூலையில் ஒதுக்கப்பட மாட்டார்கள். அதில் எதுவும் எழுதப்படாது. எழுதாததைப் படித்து இதுவரை உலகத்தில் யாரும் அழுததில்லை.”

விழாவின் பெயருக்கு வந்தார்கள். ‘அப்பா தினம்’ கூடாது. ‘மதிப்புக்குரியவர் தினம்’ என்று வைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கையைத் தூக்கி, “எங்க வீட்டு ஆளுக்கு மதிப்பெல்லாம் கிடையாதுங்க, அப்பவும் வரலாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே மதிப்பையும் எடுத்துவிட்டார்கள். விழா ‘ஒருவர் தினம்’ ஆனது. அதற்கு ஒரு பாட்டும் உண்டு. ‘ஒருவரே ஒருவரே, வந்தவரே வாழ்க!’ கடவுளைப் பாடுகிறார்களா, கூரியர்காரரைப் பாடுகிறார்களா என்று எனக்குப் புரியவில்லை.

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர்கள் என்ன பெயர் வைத்தால் எனக்கென்ன? எனக்கு வர வேண்டியது எனக்கு வந்துவிடும் என்று நம்பினேன்.

அன்று மாலை பாப்பா என் மடியில் ஏறவில்லை. பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“என்னடா கண்ணு?”

“நான் போன வாரமே கார்டு செஞ்சுட்டேன். சட்டை கார்டு. செவப்புல எழுதினேன். மிஸ் அத எடுத்து ஓய்வுப் பெட்டில போட்டுட்டாங்க.”

“ஓய்வுப் பெட்டியா?”

“கெட்ட வார்த்தையெல்லாம் அதுக்குள்ள தூங்கும். பஞ்சு ஒட்டி வச்சிருக்காங்க. மேகம் மாதிரி.”

“அது கெட்ட வார்த்தை இல்லடா.”

“கெட்ட வார்த்தை இல்ல” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். “ஆனா சொன்னா யாராவது அழுவாங்களாம். இதம் சார் சொன்னாரு. நாம சொல்றப்ப யாரு அழுவாங்கன்னு நமக்குத் தெரியாதாம். அதனால சொல்லவே கூடாதாம்.”

பாப்பா சுபாவத்திலேயே ஜாக்கிரதையான குழந்தை. எறும்பு போகும் பாதையில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவாள். ஒரு சொல்லால் ஒருவர் அழுவார் என்று சொன்னால் அதை அவள் உயிர் போனாலும் சொல்ல மாட்டாள்.

“நாளைக்கே போய் அந்த அட்டையை வாங்கிட்டு வாங்க” என்றாள் மனைவி. “கையில அதைக் கொண்டுவந்து குடுத்தா பாப்பாவுக்கே தைரியம் வந்துடும். நானே போய்க் கத்திடுவேன். ஆனா நான் கத்தினா அது எனக்காகன்னு ஆயிடும்.”

மறுநாள் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடும் சாக்கில் பள்ளிக்குப் போனேன். முதலில் வகுப்பு மிஸ்ஸைப் பிடித்தேன். சின்னப் பெண், நல்ல பெண். அட்டை என்றதும் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சார், பெட்டி மேடம் ரூம்ல இருக்கு. எனக்கு அதைத் தொட அனுமதி இல்ல. உங்ககிட்ட சொல்றேன், எங்க அப்பாவுக்கு போன் பண்ணினா எப்படிக் கூப்பிடுறதுன்னே இப்பத் தெரியல. சொல்லாம இருக்கிற பழக்கம் விட்டுடக் கூடாதுன்னு அந்த வார்த்தையை வீட்லயும் சொல்லக் கூடாதாம். ‘ஹலோ, நான்தான்’னு சொல்லிட்டு வச்சுடுறேன். அவர் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துபோய்க் கிடக்கார்.”

முதல்வர் அறையில் மேடமும் இதம் சாரும் இருந்தார்கள். பெட்டி அலமாரியின் மேல் இருந்தது. அட்டைப்பெட்டிதான். சுற்றிலும் பஞ்சு. மூடியில் ஒரு சிறிய தலையணை. எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

“எங்க பாப்பா செஞ்ச அட்டைங்க. செவப்பு எழுத்து. அதைக் குடுத்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிடுவேன். விழாவுல காட்ட மாட்டேன். வீட்டுக்குள்ளயே வச்சுக்கறேன்.”

“அது ஓய்வுல இருக்கு” என்றார் மேடம்.

“எழுப்பிக் குடுங்க மேடம்.”

இதம் சார் என்னை இதமாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். “நீங்க அந்தக் குழந்தையோட சொந்தத் தகப்பனா?”

“இல்லைங்க. அவங்க அம்மாவைக் கட்டினவன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேடிய பொருள் மேஜைக்கடியிலேயே கிடைத்துவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

“பாருங்க மேடம்! இவருக்காகத்தான் நாம இவ்வளவும் பண்ணோம்!” இதம் சாரின் குரல் நடுங்கியது. “ஐயா, உங்களை மாதிரி தகப்பன் இல்லாத தகப்பன்மாருங்க மனசு புண்படக் கூடாதுன்னுதான் அந்த வார்த்தையையே நிறுத்தி வச்சிருக்கோம்.”

“எனக்கு அந்த வார்த்தைதான் சார் வேணும். அவளா ஆசைப்பட்டு என்னை அப்படிக் கூப்பிடுறேன்னு சொல்லியிருந்தா. இதுவரைக்கும் யாரையும் கூப்பிட்டதில்ல.” வெட்கத்தை விட்டுச் சொன்னேன். “அது இல்லாமதான் சார் புண்படுது.”

“உங்களுக்கு அப்படித் தோணும்” என்றார் மிகுந்த அன்போடு. “உங்க தேவையைக் குழந்தை தலையில ஏத்தாதீங்க. இதமா மூச்சு விடுங்க.”

“குழந்தைக்கும் வேணும் சார்.”

“குழந்தைக்கு என்ன வேணும்னு குழந்தைக்கே தெரியாது. அதுக்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கு” என்றார் மேடம்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. “மேடம், என் தொழில்ல ஒண்ணு பாத்திருக்கேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க, தலை நரைச்ச பெரிய அதிகாரியா இருந்தாலும், லைட்டு போனதும் ‘அம்மா’ன்னோ ‘அப்பா’ன்னோதான் கத்துவாங்க. ‘ஒருவரே’ன்னு ஒருத்தர் கத்தி நான் கேட்டதில்ல.”

மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

“நல்லாச் சொன்னீங்க” என்றார். “லிஃப்ட்டுக்குள்ளயும் ஒரு அறிவிப்பு ஒட்டணும்.”

கெஞ்சினேன். வெட்கம் கெட்டுப்போய், அட்டையைக் கையில் தரவேண்டாம், மூடியைத் திறந்து தூரத்திலிருந்து காட்டினால் போதும் என்றுகூடக் கேட்டேன். தூங்கும் சொல்லைத் திறந்து பார்ப்பது முறையல்ல என்றார்கள். அதோடு விடவில்லை. விழாவில் மேடையேறி எல்லோருக்கும் முன்மாதிரியாக நான் நிற்க வேண்டும் என்றார்கள். மறுத்தால் பாப்பாவின் மனம் எப்படிப் புண்படும் என்று இதம் சார் விளக்கினார். அவள் மனதைச் சொன்னால் நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. பாப்பா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். லிஃப்ட்டு என்றும் இல்லை. அருகில் வந்து சட்டையை இழுப்பாள். நான் திரும்பியதும் வேண்டியதைச் சொல்வாள். பெயரே இல்லாமல் ஒரு வீட்டில் நடமாடுவது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. ஷூ மாட்டும்போது ஒரு நாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“கார்டு குடுக்கிறப்பக் கூப்பிடுறேன்னு சொன்னியே, மறந்துட்டியா?”

“மறக்கல” என்றாள். “ஆனா பக்கத்துல யாராவது அழுதுட்டா?”

ஒருவர் தினம் வந்தது. மனைவிக்கு மருந்துக்கடையில் விடுப்பு தரவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நான் மட்டும் போனேன். கூடம் முழுவதும் வெள்ளை வட்டங்கள் தொங்கின. எந்த வட்டத்திலும் எதுவும் இல்லை. குழந்தைகள் வரிசையாக நின்று, ‘ஒருவரே ஒருவரே, வந்தவரே வாழ்க!’ என்று பாடினார்கள். பாப்பா பாடும்போது பார்வையைக் கூரைமேல் வைத்திருந்தாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போது, வேலை முடித்து மாவுக் கையோடு ஒரு ரொட்டிக்கடைக்காரர் ஓடி வந்து வாசலில் நின்றார். முன்பல் விழுந்த அவருடைய மகள் அவரைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா!”

கூடமே உறைந்தது. இதம் சார் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. “எல்லாரும் இதமா இருங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு பாக்கலாம்.” இரண்டு ஆயாக்கள் வரிசை வரிசையாக வந்து எங்கள் முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். யாரும் அழவில்லை. தாத்தா கொட்டாவி விட்டார். ஆனால் பாதுகாப்பு விதி என்று ஒன்று இருக்கிறது. கத்திய குழந்தையின் வாயில் மிஸ் விரலை வைத்து, மேடையிலிருந்து கீழே இறக்கி, அன்று கூடத்து மூலையில் கொண்டுவந்து வைத்திருந்த ஓய்வுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார வைத்தாள். தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் அந்தக் குழந்தை விசித்து விசித்து அழுதது.

“பாத்தீங்களா” என்றார் இதம் சார், ஒலிபெருக்கியில், கனிவோடு. “ஒரு வார்த்தை. ஒரு கண்ணீர்.”

ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். நான் மேடையைப் பார்த்தேன். பாப்பா அழுகிற குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் புரிந்துவிட்ட பிள்ளையின் முகம் போல இருந்தது அவள் முகம்.

பிறகு என்னை மேடைக்கு அழைத்தார்கள். முதல்வர் மேடம் என் தோளைப் பிடித்து எல்லோர் பக்கமும் திருப்பினார்.

“அன்பான வந்தவர்களே! இதோ நிற்கிறாரே, இவர் யார்? இவர் அப்பா இல்லை!” சிறிது நிறுத்தினார். “இந்தக் குழந்தைக்கும் இவருக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் வந்திருக்கிறார்! யாரும் இவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் பள்ளி இப்படிப்பட்டவர்களையும் நிற்க வைக்கிறது. எங்கள் பெருந்தன்மைக்காக, மன்னிக்கவும், இவருடைய பெருந்தன்மைக்காக எல்லோரும் பலமாகக் கைதட்டுங்கள்!”

கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட்டுகளில் கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ள இரும்புப் பல் உண்டு. மனுஷனுக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை. நான் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தேன். மேடையில் நின்றபடிதான்.

மேடையேறி ஏதாவது பேசச் சொல்வார்கள் என்று ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ‘அவள் அப்பா நான்தான்’ என்பது அந்த வாக்கியம். யாரும் பேசச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பேசியிருப்பேனா தெரியாது. என் பக்கத்திலேயே பாப்பா நின்றாள். அவள் காதில் விழுந்து, யாராவது அழுதுவிடுவார்களோ என்று அவள் கூடம் முழுக்கத் தேடுவாளே என்று பயமாக இருந்தது. அவர்கள் பாடம் எனக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது.

பாப்பா வட்டத்தை நீட்டினாள். “ஒருவரே, இது உங்களுக்கு” என்றாள். என்னிடம் ‘நீ’ என்று மட்டுமே பேசிய குழந்தை. வாங்கிக்கொண்டேன். முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். வெள்ளைதான்.

வீட்டுக்கு நடந்தோம். அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். எங்கள் வீடு ஐந்தாவது மாடியில். கட்டடத்தின் லிஃப்ட்டில் ஏறினோம். கதவு மூடியதும் என் சட்டையை இழுத்தாள்.

“இத நடுவுல நிறுத்த முடியுமா? மேல மாடியும் இல்லாம, கீழ மாடியும் இல்லாம?”

“எதுக்குடா?”

“ஒண்ணு சொல்லணும். யாரு காதுலயும் விழக் கூடாது.”

உள்ளே ஆள் இருக்கும்போது சும்மா நிறுத்தக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். சாவியை எடுத்துத் திருப்பினேன். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“மேல கேக்குமா?”

“மெதுவாச் சொன்னா கேக்காது.”

“கீழ?”

“கேக்காது.”

“இங்க நீ மட்டும்தானே இருக்க?”

“நான் மட்டும்தான்.”

அவள் என் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். மண்டியிட்டேன். இரண்டு கைகளையும் என் காதைச் சுற்றிக் கூடு போல வைத்துக்கொண்டாள். மூச்சு சூடாக இருந்தது.

“அப்பா.”

இந்தச் சொல்லுக்காக எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். சொன்னதும் “என்னம்மா?” என்று சாதாரணமாகக் கேட்க வேண்டும், தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்றெல்லாம் வைத்திருந்தேன். எதுவும் நடக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு கேவல் எழுந்தது. அடக்கப் பார்த்தேன். அடங்கவில்லை. மண்டியிட்ட இடத்திலேயே, சின்னப் பிள்ளை மாதிரி, தோள் குலுங்க அழுதேன்.

பாப்பா கையை எடுத்துவிட்டாள். ஒரு அடி பின்னால் போனாள். கண் பெரிதாக விரிந்திருந்தது.

“இதம் சார் சொன்னது நெசந்தான்” என்றாள்.

“இல்லடா! இல்லடா கண்ணு! சந்தோஷத்துல அழுறேன்டா. எனக்கு ஒண்ணும் இல்ல!”

“ஒண்ணும் இல்லன்னுதான் சொல்வாங்களாம்” என்றாள் பாப்பா. அவள் கண்ணிலும் தண்ணீர் நிரம்பியது. “எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம்.”

என் கையிலிருந்த வெள்ளை வட்டத்தை வாங்கினாள். அதை என் கன்னத்தில் ஒற்றி ஒற்றித் துடைத்தாள், மிக இதமாக. அது அதற்குத்தான் செய்யப்பட்டது போல ஊறி மெத்தென்று ஆகிவிட்டது.

“அழாத. நான் இனிமே சொல்லவே மாட்டேன். சத்தியமா. பெரியவளானாலும் சொல்ல மாட்டேன்.”

“சொல்லுடா. இன்னொரு தரம் சொல்லு. அழாமக் கேக்கறேன். பாரு, சிரிக்கறேன்.”

சிரித்துக் காட்டினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். உதட்டை உள்ளே மடித்து இறுக்கி மூடிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அப்போது வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மூன்றாம் மாடிக்காரரின் குரல். “உள்ள யாராவது மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்க! நான் இங்கதான் இருக்கேன்! நம்ம லிஃப்ட்காரருக்கு போன் போட்டிருக்கேன், இப்ப வந்துடுவார்!”

என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கத் தெம்பில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

“உள்ள யாரு? பதில் சொல்லுங்க! யாரு இருக்கீங்க?”

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவின் பக்கம் திரும்பி, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி கையைக் கட்டி நிமிர்ந்து நின்று, தெளிவாகச் சொன்னாள்:

“நானும் ஒருவரும்.”